முடி நடக்கிற பக்கம்

குப்புறப் படுங்க ஆத்தா, இந்தா வந்துர்றேன் என்று சொல்லிவிட்டுப் போன ஜெசிந்தா சிஸ்டர் இன்னும் வரவில்லை. அடுத்த ரூமில் தகரத் தட்டு வைக்கிற சத்தம் கேட்கிறது, யாரோ ஒரு ஆம்பளை தையல் பிரிக்கும்போது பல்லைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது, அவள் காலடி மட்டும் கேட்கவில்லை. மேசை ரெக்சின் சில்லென்று கிடக்கிறது, என் கன்னம் பட்ட இடம் மட்டும் சுடுகிறது. விளிம்புக்கு அப்பால் ஒரு சாண் அகலத்துக்குத் தரை தெரிகிறது, அதில் ஒரு வெள்ளை ஓடு விரிசல் விட்டிருக்கிறது, விரிசலுக்குள் அழுக்கு, அழுக்குக்குள் ஒரு முடி. எங்கே இருந்தாலும் முடி என் கண்ணில் பட்டுவிடும், முப்பத்தோரு வருசம் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். சேலையை இறக்கி மேலே பச்சைத் துணி போட்டிருக்கிறார்கள், துணியில் அந்த இடத்துக்கு மட்டும் ஓட்டை. ஐம்பத்தெட்டு வயசில் நானே பார்க்காத என் உடம்பின் ஒரு இடத்தை வருகிறவர் போகிறவர் எல்லாம் குனிந்து பார்க்கிறார்கள். ஆபரேசனுக்கு முந்தி டாக்டரம்மா செல்போனில் படம் பிடித்துக் காட்டினாள். வால் எலும்பு முடிகிற இடம், ரெண்டு பக்கச் சதையும் சேருகிற பிளவு, அதில் குண்டூசியால் குத்தினது மாதிரி ஒரு ஓட்டை, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ரெண்டு கண்ணு மாதிரி இருந்தது. அது என்னைப் பார்த்தது, நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது அதை வெட்டித் திறந்து விட்டிருக்கிறார்கள், தைக்கவில்லை. அடியிலிருந்து சதை ஊறி மேலே வரணுமாம், மேல்தோல் அவசரப்பட்டு மூடிக்கொண்டால் உள்ளே மறுபடி பொந்து விழுந்துவிடுமாம். அதனால் இப்போது அது கண் இல்லை, வாய். இடுப்புக்குக் கீழே ஒரு வாய் திறந்து கிடக்கிறது, நான் சொல்லாமல் விட்டதை எல்லாம் அது சொல்லிவிடும் போல.

இன்றைக்கு இருபத்தாறாம் நாள். தினம் காலையில் உப்புத் தண்ணியில் உட்கார்ந்து எழுந்து, பஸ் ஏறி, இங்கே வந்து குப்புறப் படுத்து, பழைய துணியை உருவி, புதுத் துணியைத் திணித்துக்கொண்டு போகிறேன். உருவும்போது என்னமோ அடிவயிற்றில் இருந்து நூல் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். முதல் பத்து நாள் ஜெசிந்தா நல்லா இருக்கு ஆத்தா, செவப்பா இருக்கு ஆத்தா என்று சொன்னாள். பதினோராம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இடுக்கியை உள்ளே விட்டு எதையோ பிடித்தாள், பிடித்தது வரவர எனக்குள் ஒரு கோடு நீளமாக உருவிக்கொண்டு போனது, வலி இல்லை, கூச்சம். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து அவள் சிரித்தாள். ஒங்க தலை பூராவும் வெள்ளி, இது கருகருன்னு இருக்கே, யார் முடி ஆத்தா இது, சக்களத்தி முடியா என்று கேட்டாள். தங்கமான பிள்ளை, விளையாட்டுக்குச் சொன்னது. நான் முகத்தை ரெக்சினில் அழுத்திக்கொண்டேன். அதற்கப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் முடி வருகிறது. கட்டுப் போட்டு, பிளாஸ்திரி ஒட்டி, மேலே துணி கட்டி, அதற்கு மேலே சேலை, எந்த வழியாக வருகிறது என்று தெரியவில்லை, வந்துவிடுகிறது. முந்தாநாள் டாக்டரம்மா பார்த்துவிட்டு, ரெண்டு நாள் பார்ப்போம், இன்னொரு பொந்து விழுந்திருந்தா மறுபடி வெட்டணும், இந்தத் தடவை ஆழமா வெட்டணும் என்று சொன்னாள். அப்புறம் என் தலைப்பக்கம் வந்து, உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக் கேட்டாள், வேலையில எதும்மேல உக்காருறீங்க ஒச்சம்மா? ஏற்கெனவே ஒருதரம் கேட்டதுதான். தரையிலதாம்மா, சாக்கு விரிச்சு என்று அப்போது சொன்னதையே சொன்னேன். பொய் இல்லை. சாக்குதான் அது. சாக்குக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லையே.

முதலில் சூட்டுக் கட்டி என்றுதான் நினைத்தேன். போன தை மாசம் வந்தது, வீங்கியது, உடைந்தது, அப்பாடா என்று இருந்தது, ஆறினது மாதிரி நடித்துவிட்டுத் திரும்ப வந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தேன். முடி பிரிக்கிற எங்கள் கொட்டகையில் பேச்சி இருக்கிறாளே, அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது, என்ன மதினி ஒத்தச் சக்கரத்துல வண்டி ஓட்டுறீக என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்தால் அங்கே குத்தியது. ஆமணக்கு இலையை வதக்கிக் கட்டினேன். சுவரில் எழுதிப் போட்டிருந்த மூல வைத்தியரிடம் போனேன், அவர் பார்க்காமலே மூலம் என்றார், கத்திரிக்காய் சாப்பிடாதே என்றார். நான் கத்திரிக்காயை விட்டேன், அது என்னை விடவில்லை. அப்புறம் வாடை வந்தது. மாட்டுக் கொட்டகையில் செத்த எலி எங்கேயோ கிடந்தால் வருமே, தேடினால் இல்லை, போனால் இருக்கும், அந்த வாடை. நானே என் பின்னால் அதைத் தேடினேன். நான் வளர்த்த பிள்ளை மலர்தான் சேலையில் கறையைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா மூலமும் இல்லை, பவுத்திரமும் இல்லை என்றாள். இங்கிலீசில் ஒரு பேர் சொன்னாள், எனக்கு வாயில் நுழையவில்லை, அதுக்கு என்னம்மா அர்த்தம் என்று கேட்டேன். முடிக்கூடு என்றாள். குருவி கூடு கட்டுகிற மாதிரி தோலுக்குள் முடி கூடு கட்டிவிடுமாம். முளைக்கிறது இல்லையாம், வெளியே இருந்து இறங்குகிறதாம். உங்க முடியாத்தான் இருக்கணும்னு இல்ல, உதிர்ந்தது, வெட்டிப்போட்டது, யார் முடி வேணா இறங்கும், உக்காந்து அசைய அசைய அந்தப் பிளவு உறிஞ்சிக்கும், உள்ளே போனது வெளியே வரத் தெரியாது, சீழ் பிடிக்கும் என்றாள். இது வயசுப் பிள்ளைகளுக்கு வர்ற வியாதி, நாளெல்லாம் உக்காந்து வண்டி ஓட்டுறவங்க, பரீட்சைக்குப் படிக்கிறவங்க, உங்களுக்கு இந்த வயசுல ஏன்னுதான் எனக்குப் புரியல என்றாள். எனக்குப் புரிந்தது. மேயப்போன ஆட்டின் தோலில் ஊசிப்புல் இறங்குவதைச் சின்ன வயசிலேயே பார்த்திருக்கிறேன், மேலே ஒன்றும் தெரியாது, உரித்தால் சதைக்குள் வரிசையாக நிற்கும். முடிக்கும் அந்தப் புத்தி உண்டு. ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நீளவாக்கில் மேலும் கீழும் தேய்த்துப் பாருங்கள், அது நிற்காது, ஒரே பக்கமாக நடக்கும். வேர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். குருடியாக இருந்தாலும் சொல்லிவிடலாம். எங்கள் தொழிலே அதுதான், சிக்கு எடுத்த முடியை வேரும் வேரும் ஒரு பக்கம், நுனியும் நுனியும் ஒரு பக்கம் என்று அடுக்குவது, தலைகீழாக ஒரு முடி கலந்தாலும் சடையில் வைத்துப் பின்னுகிற சவுரி சிக்கிக்கொள்ளும். முப்பத்தோரு வருசமாக என் விரலுக்குள் முடி நடந்திருக்கிறது. செத்துக் கழிந்த முடி நடக்கிறதே என்று ஒருநாளும் நான் பயந்ததில்லை. டாக்டரம்மா சொன்ன அன்றைக்குப் பயந்தேன்.

தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. காத்தாடி ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்கிறது, அது ஆணிச் சீப்பில் முடி அறுகிற சத்தம் மாதிரியே இருக்கிறது. கொட்டகையில் நாங்கள் ஆறு பேர். ஊர் ஊராகப் போய் வாங்கிவருகிற சிக்குமுடி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், கொட்டினால் ஒரு எருமை படுத்திருக்கிற உயரம், மூச்சு விடுகிற மாதிரி அது தானாக உப்பும், தணியும். பலகையில் ஆணி அடித்த சீப்பில் போட்டு இழுப்போம். சோற்றில் முடி, தண்ணிச் செம்பில் முடி, தும்மினால் முடி. விரல் நீளத்துக்குக் குறைந்த துண்டு முடியை யாரும் வாங்க மாட்டார்கள், அதைக் குப்பையில் கொட்டாமல் சாக்கில் அடைத்துத் தைத்து உட்காருகிற திண்டாக்கிக்கொள்வோம். கொட்டகையில் ஆளுக்கு ஒரு திண்டு உண்டு, ஒருத்தி திண்டில் இன்னொருத்தி உட்கார மாட்டாள். மெத்தென்று இருக்கும். பஞ்சு அமுங்கிப்போகும், முடி அமுங்காது, உட்கார உட்கார எதிர்த்துக்கொண்டே இருக்கும். நாள் பூராவும் யார் யாரோ தலை மேல்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம், ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு, செத்தவர் முடி கொட்டகைக்குள் வரக்கூடாது. அது பிணத்தோடு போகணும், இல்லாவிட்டால் ஆற்றோடு போகணும். ஒரு இழை கலந்துவிட்டாலும் குவியல் முழுக்க முடிச்சு விழும், சீப்பு ஓடாது, எந்த முடி எந்த முடியைப் பிடித்திருக்கிறது என்று பிரிக்கவே முடியாது என்பார்கள். ஒரு தடவை ஒரு மூட்டை அப்படித்தான் மூன்று நாள் படுத்தியது. யாரோ செத்த முடியைக் கலந்துட்டான் என்று பேச்சி வெற்றிலை வைத்துக் கற்பூரம் காட்டினாள், எல்லாரும் கும்பிட்டார்கள். நான் என் திண்டில் உட்கார்ந்தபடியே கும்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

பவளக்கொடி என் கொழுந்தன் பெண்டாட்டி. என்னைவிடப் பதினேழு வயசு இளையவள், அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவாள். முழங்காலுக்குக் கீழே முடி. தலைக்கு ஊற்றினால் ரெண்டு பேர் பிடிக்கணும், ஒரு நாள் பூராவும் காயாது, வீடு முழுக்க ஈரமுடி வாசம் நிற்கும். இருபத்து நாலு வயசில் மூளைக் காய்ச்சலில் விழுந்தாள், நாற்பது நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்ததில் சடை அடைபோலச் சிக்கிக்கொண்டது, வெட்டிவிடுங்கள் என்று நர்சு சொன்னாள். நான்தான் கத்திரி பிடித்தேன். கழுத்தோரமாக வைத்து நறுக்க நறுக்க அது நறநறவென்று கரும்பு கடிக்கிற மாதிரி சத்தம் போட்டது, கடைசியில் கையில் வந்து விழுந்தபோது ஒரு பிள்ளைக் கனம் கனத்தது. அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். அக்கா, கீழ போட்டுறாத, எம்மகளுக்குச் சவுரி கட்டிக் குடு, அவ தலை எலிவாலு என்றாள். சரிடி என்றேன். அஞ்சாம் நாள் போய்விட்டாள். சடை எங்கேடி என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள், பிணத்தோடு வைக்கணும் இல்லையா. வைகையில விட்டுட்டேன் என்றேன். அப்போது அது என் கூடையில் அரிசிக்கு அடியில் இருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டேனே, எப்படி விடுவது? அவள் மகள் மலருக்கு அப்போது நாலு வயசு. கொழுந்தன் திருப்பூருக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான், என் வீட்டுக்காரரும் கண்ணை மூடினார், மலர் என் பிள்ளையானாள். சவுரி கட்டலாம் என்று எத்தனையோ நாள் சடையை வெளியே எடுத்திருக்கிறேன். எடுத்தால் கை ஓடாது. செத்தவள் முடியை வளருகிற பிள்ளை தலையில் வைப்பதா? வைத்து ஏதாவது ஆனால்? சரி எரித்துவிடலாம் என்றால், கீழ போட்டுறாத என்றவள் குரல். எரிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. ஆறு பொம்பளைகள் கை துழாவாத இடமே இல்லாத கொட்டகை, பக்கத்திலேயே வீடு, எங்கே ஒளிப்பது? முடியை ஒளிக்க முடியைவிட்டால் இடம் ஏது. ஒரு துணியில் சுற்றி என் திண்டுக்கு நடுவில் வைத்துத் தைத்துவிட்டேன். பதினேழு வருசம். சாக்கு இற்றுப்போக இற்றுப்போக மேலே மேலே உறை போட்டேன், பிரித்துப் பார்க்கவில்லை. முதலில் ஒரு முதுகெலும்பு மாதிரி குத்தியது. அப்புறம் பழகிவிட்டது. பிற்பாடு ஒரு மடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது, சாயங்காலம் எழுந்திருக்கும்போது கையை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பு, அது என் உடம்புச் சூடுதான் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். அந்தத் துணி எப்போதோ மக்கியிருக்கும். சடை அவிழ்ந்திருக்கும். அவிழ்ந்தது நடந்திருக்கும்.

நடக்கட்டும், என்னிடம்தானே வந்தாள். வந்து கேட்கிறாள், என் மகள் சவுரி எங்கே என்று. கேட்க உரிமை உள்ளவள். டாக்டரம்மா இன்னொரு தடவை வெட்டினால் வெட்டட்டும், ஆழமாக வெட்டட்டும், எலும்பு வரைக்கும் தோண்டி எடுக்கட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன், என்று இப்படித்தான் இந்த இருபத்தாறு நாளும் இந்த ரெக்சினில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தேன். மலரிடம் எப்படிச் சொல்வது? உங்கம்மா சடையை ஆத்துல விட்டுட்டேன் என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறேன். பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் அவள் ஜன்னல் வழியாகத் தண்ணியைப் பார்ப்பாள், தண்ணி இல்லாத நாளில் மணலைப் பார்ப்பாள், எனக்குத் தெரியும் என்ன பார்க்கிறாள் என்று. அம்மா போட்டோ ஒன்றுகூடக் கிடையாது அவளிடம். நீ பார்த்த ஆற்றில் ஒன்றும் இல்லையடி, நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன் என்று எந்த வாயால் சொல்ல? வெளியே வராந்தாவில் பெஞ்சு நகருகிற சத்தம். யாரோ ஒரு பொம்பளை, உக்காரும்மா, எடம் கெடக்குல்ல என்கிறாள். இல்லக்கா, நிக்கிறேன். அது மலர் குரல். நிற்கட்டும், இளவட்டம். காத்தாடி டக் என்கிறது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குரல், ஆம்பளை, பாப்பா இங்க உக்காரு. இல்லங்க, பரவால்ல. செருப்புச் சத்தம் கேட்கிறது. நடக்கவில்லை, ஒரே இடத்தில் நின்று காலை மாற்றுகிறாள். இடது கால், வலது கால், அப்புறம் வெகுநேரம் இடது கால். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அதைப் போன தை மாசம் நான் போட்டிருக்கிறேன். காலையில் பஸ்ஸில் சீட்டுக் கிடந்தது, அவள் உட்காரவில்லை, எனக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்றுச் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து நின்று சாப்பிட்டாள், ஏண்டி என்றால் சும்மா என்றாள். நான் ஆஸ்பத்திரிக்கு அலைகிற இந்த இருபத்தாறு நாளும், காலையில் என்னோடு வந்துவிட்டுப் போய், கொட்டகையில் என் வேலையை அவள்தான் பார்க்கிறாள். என் இடத்தில். என் திண்டில். அதில் உக்காராத, பலகை போட்டுக்க என்று சொன்னேன், கட்டை குத்துது பெரியம்மா, ஒங்க திண்டுதான் மெத்துன்னு இருக்கு என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாளே. வயசுப் பிள்ளைகளுக்கு வர்ற வியாதி. இருபத்தோரு வயசு. உக்காந்து அசைய அசைய உறிஞ்சிக்கும். அம்மா பிள்ளைக்குள் நடந்து போகிறாள். சிக்குமுடிக் குவியல் மாதிரி எனக்குள் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது, நான் சாக மாட்டேன், இங்கே கிடந்து ஆறி வீட்டுக்குப் போய்விடுவேன், என் இடத்தில் அவள் வந்து குப்புறப் படுப்பாள்.

ரெண்டு ஜோடிக் காலடி. ஜெசிந்தாவின் ரப்பர் செருப்பு, டாக்டரம்மாவின் பூட்ஸ். பிளாஸ்திரியை உரிக்கிறார்கள், துணியை உருவுகிறார்கள், சில்லென்று ஏதோ ஊற்றுகிறார்கள். இடுக்கி உள்ளே போகிறது, தேடுகிறது, பிடிக்கிறது, அந்தக் கோடு நீளமாக என்னைவிட்டுப் போகிறது. இன்னும் ஒண்ணு மேடம் என்கிறாள் ஜெசிந்தா. டாக்டரம்மா, புதுப் பொந்து இல்ல, அதுவரைக்கும் நல்லது, ஆனா எங்கேருந்தும்மா இது வருது, நெசமாச் சொல்லுங்க, எதும்மேல உக்காருறீங்க என்று மூன்றாவது தரமாகக் கேட்கிறாள். என் வாய் ரெக்சினில் ஒட்டியிருக்கிறது. பிய்த்து எடுத்து, வெளியே கேட்கிற மாதிரிக் கூப்பிடுகிறேன்.

"மலரு, உள்ள வா."

கதவு திறக்கிறது. ஒரு சாண் தரைக்குள் அவளுடைய செருப்பு வந்து நிற்கிறது, இடது கால் முன்னால். முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அந்தச் செருப்பிடம்தான் சொன்னேன்.

"உங்கம்மா சடைய நான் ஆத்துல விடல. திண்டுக்குள்ள வச்சுத் தச்சிருக்கேன். இனிமே அதுல உக்காராத தாயி. எத்தன நாளா வலிக்குது?"

செருப்பு நகரவில்லை. விரல்கள் மட்டும் உள்ளே மடங்கின. ஜெசிந்தா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள், வைத்த சத்தமே கேட்காமல் வைத்தாள். பத்து நாளா என்றாள் மலர், என்னிடம் இல்லை, டாக்டரம்மாவிடம். அதற்கப்புறம் எல்லாம் சுருக்காக நடந்தது. எனக்குக் கட்டுப் போட்டு எழுப்பி நிற்க வைத்தார்கள், டாக்டரம்மா திண்டு என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தலையில் கை வைத்துக்கொண்டாள், பக்கத்து மேசையில் மலரைக் குப்புறப் படுக்கச் சொன்னாள். நான் சுவரைப் பிடித்து நின்றேன். டாக்டரம்மா விளக்கை இழுத்துக் குனிந்தாள். வாங்க, பாருங்க, நல்ல வேளை என்றாள். போய்ப் பார்த்தேன். என்னுடையதைப் படத்தில்தான் பார்த்தேன், இவளுடையதை நேரில் பார்த்தேன். பிளவுக்கு நடுவில் கடுகு அளவுக்கு ஒரு புள்ளி, சுற்றிக் கொஞ்சம் சிவப்பு, அதன் வாசலில் ஒரு முடி நுனி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது, பாதி உள்ளே, பாதி வெளியே, என்னைக் கண்டு நின்றுவிட்டது போல. சீழ் வைக்கல, இத எடுத்துட்டு, சுத்தி மழிச்சு, சுத்தமா வச்சுக்கிட்டு, முடி படாம இருந்தா வெட்டவே வேண்டாம் என்றாள் டாக்டரம்மா. ஜெசிந்தா இடுக்கியைக் கொண்டுபோனாள்.

"எடுக்காதீங்க சிஸ்டர்," என்றாள் மலர்.

தலையைத் திருப்பவில்லை. கையால் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"எங்கம்மாதான. இருந்துட்டுப் போகட்டும்."

காத்தாடி டக் என்றது. ஜெசிந்தா டாக்டரம்மாவைப் பார்த்தாள், டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். அது உங்கம்மாவா இருக்கணும்னு இல்ல பாப்பா, யார் முடியாவும் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னது உண்மைதான், ஆனால் அந்த உண்மை அந்த ரூமில் யாருக்கும் உதவவில்லை. அழலாம் என்று பார்த்தேன், வரவில்லை. அவள் பிடரியில் கையை வைத்தேன், எலிவால் சடை, வேர்வையில் நனைந்திருந்தது. அந்தப் பிள்ளை சும்மா சொல்லவில்லை, உறுதியாகச் சொல்கிறாள், உடம்பை இறுக்கிவிட்டாள், இடுக்கியைக் கொண்டுபோனால் எழுந்து ஓடிவிடுவாள் என்று என் கைக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"அடி இவளே, உங்கம்மாவுக்கு எம்புட்டு ரோசம் தெரியுமா? பந்தியில கடைசி எலையில உக்கார வச்சாங்கன்னு சாப்பிடாம எந்திரிச்சு வந்தவ. இருக்க எடம் கேட்டா, போயும் போயும் இங்கயா வந்து குடி இருப்பா?"

அப்புறம் அவள் முதுகு குலுங்கியது, அழுகிறாளோ என்று குனிந்தேன், சிரிக்கிறாள், அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. இறுக்கம் விட்டுப்போன அந்த நொடியில் ஜெசிந்தா பிடித்து இழுத்துவிட்டாள், ஸ் என்றாள் மலர், சிரிப்பு நிற்கவில்லை. முடி தட்டில் விழுந்தது, யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். மலர் அதிகம் சிரிக்கிறவள் இல்லை, சிரித்தாலும் உதட்டோடு நின்றுவிடும். பவளக்கொடிதான் வாய்விட்டுச் சிரித்து, சிரித்து முடிக்கிற இடத்தில் ஒரு சின்ன விக்கல் மாதிரி மேலே இழுப்பாள், அந்தச் சிரிப்பைக் கேட்டு நினைவு வைத்திருக்க இந்தப் பிள்ளைக்கு அப்போது வயசே இல்லை. குப்புறப் படுத்திருந்தவள் முகம் எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கி வந்தது. முடிகிற இடம் வந்தது. மேலே இழுத்தது.